சைவக் குடித்தனங்களுக்கு மீன் வந்த காலம்

ஆதிலட்சுமி நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் என்று எண்ணிப் பார்த்தால், மின்கம்பத்தில் கூடு கட்டியிருந்த காக்கைகளையும் கோதண்டத்தையும் தவிர வேறு யாரும் தேறமாட்டார்கள். மற்ற எல்லோரும் வாடகைக்கு வந்தவர்கள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுவரில் ஆணி அடிக்காமல் காலண்டரை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பதமாகச் சொல்லி, எந்த நிமிஷமும் கட்டிக்கொண்டு கிளம்புவதற்குத் தோதாக அட்டைப்பெட்டிகளை மடித்துப் பரண்மேல் வைத்திருப்பவர்கள். அந்தத் தெருவின் நடுவில் ஒன்பது குடித்தனங்களோடு நிற்கும் மூன்று மாடிக் கட்டடத்துக்கு ஸ்ரீ வைபவம் என்று பெயர். அதன் கேட்டில், பெயருக்குக் கீழே, பெயரைவிடப் பெரிய எழுத்தில், ‘சைவ உணவுக்காரர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. எழுதவைத்தவர் கட்டடத்தின் சொந்தக்காரரும் மேல்மாடிவாசியும் ஹார்டுவேர் கடை முதலாளியுமான கோதண்டம்.

இரண்டாவது மாடியில் தெருப்பக்கத்து வீட்டில் அமுதவல்லி இருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. லாரி ஓட்டும் புருஷன் குணசீலன் மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். கடலூர் துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் அவள், மீன் சமைக்காத நாளை விரத நாள் என்று சொல்லும் குடும்பத்துக்காரி. அப்படிப்பட்டவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோதண்டத்தின் எதிரே கைகட்டி நின்று, “நாங்க சுத்த சைவம் சார், முட்டைகூடத் தொடமாட்டோம்” என்று கண் இமைக்காமல் சொன்னாள் என்றால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், அவள் மகள் வதனி.

வதனிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாலு வயதில் காதுக்குப் பின்னால் அறுவைச் சிகிச்சை செய்து, உள்ளே ஒரு கருவியும் வெளியே ஒரு கருவியும் வைத்து, இனிமேல் சத்தம் கேட்கும், ஆனால் கேட்பது என்ன என்பதைப் பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். சொல்லித்தருகிற பள்ளிக்கூடம் ஆதிலட்சுமி நகரில், ஸ்ரீ வைபவத்துக்கு அடுத்த தெருவில் இருந்தது. “இங்க ரெண்டு மணி நேரந்தாம்மா. மிச்ச நேரமெல்லாம் அவளச் சுத்தி யாராவது பேசிக்கிட்டே இருக்கணும்” என்றார் டீச்சர். அப்போது அவர்கள் இருந்தது ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறி வரவேண்டிய இடத்தில். பிள்ளையின் நாளில் பாதி பஸ்ஸில் தூக்கத்தில் போனது. பள்ளிக்குப் பக்கத்தில் அமுதவல்லி பதினாலு வீடு பார்த்தாள். லாரி டிரைவர் என்பதால் ஒரு வீடு போயிற்று, பூர்வீகம் எது என்ற கேள்வியில் நாலு வீடு போயிற்று, மிச்சம் வேறு வேறு காரணங்களில் போயிற்று. கோதண்டம் மட்டும் வதனியை உற்றுப் பார்த்துவிட்டு, “வாய் பேசாத பொண்ணா? அப்ப சத்தம் இருக்காது, நல்லது” என்று சாவியைக் கொடுத்தார். அந்தச் சொல் அமுதவல்லிக்குச் சுருக்கென்று தைத்தது, சாவிக்காகப் பொறுத்துக்கொண்டாள்.

வந்த வாரமே வீடு வீடாக ஏறி இறங்கி, “எம்புள்ளகிட்ட எதாவது பேசுங்க, என்னன்னாலும் பரவால்ல, பேசிட்டே இருங்க” என்று கேட்டுக்கொண்டாள். வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு அடுத்தவர் வீட்டில் தலையிடுகிற வழக்கம் கிடையாது, ஆனால் கேட்டுவிட்டால் மறுக்கிற வழக்கமும் கிடையாது. எதிர்வீட்டுப் பிரபாவதி கோலமாவை வைத்துக்கொண்டு புள்ளி, கோடு, பூ என்று சொல்லிக் கொடுத்தாள். தரைத்தளத்துத் தணிகாசலம் கூரியர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது தினமும் ஒரு ஊர்ப் பேரைச் சொன்னார். கோதண்டத்தின் மனைவி வத்சலாகூட, வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வாழைப்பழத்தை நீட்டி, பிள்ளை அதன் பேரை முழுசாகச் சொல்லும்வரை கையிலிருந்து விடமாட்டாள். இரண்டு வருஷத்தில் வதனி பேசினாள். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவளுக்குத் தெரியாததால் எதைப் பேசினாலும் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். காலை ஏழு மணிக்குக் கடைக்குப் போய் இரவு அவள் தூங்கிய பிறகு வருகிற கோதண்டம் ஒருவர்தான் அந்தக் குரலை அறியாதவர். அவரிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மீன் முதலில் வந்தது தணிகாசலம் வீட்டுக் குழாயில். புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, ஆறு மணிக்கு மோட்டார் போட்டதும், நெற்றியில் இட்ட நாமம் காய்வதற்குள் ஒரு குடம் பிடித்துவிடலாம் என்று அவர் குழாயைத் திறக்க, குழாய் இரண்டு தரம் இருமி, கொஞ்சம் காற்றைத் துப்பி, ஒரு சாண் நீளத்துக்கு உயிருள்ள கானாங்கெளுத்தி ஒன்றைக் குடத்துக்குள் போட்டது. அதற்குப் பின்னால் வழக்கம்போலத் தண்ணீர் வந்தது. தணிகாசலம் அந்தக் குடத்தை ஓரமாக நகர்த்திவிட்டு வேறு குடத்தை வைத்தார். அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

திங்கட்கிழமைக்குள் எல்லா மாடியிலும் வந்துவிட்டது. நெத்திலி கொத்தாக வந்தது, காரப்பொடி மீன் வந்தது, ஒரு குடித்தனத்தில் பாத்திரம் கழுவும்போது முழநீள வஞ்சிரம் வந்து தொட்டி கொள்ளாமல் வாலை வெளியே தொங்கவிட்டது. எல்லாம் கடல் மீன், தண்ணீரோ போர்வெல் தண்ணீர், உப்பு துளிகூட இல்லை. கோதண்டம் கடைக்கு வழக்கமாக வரும் பிளம்பரைக் கூட்டிவந்தார். அவர் மொட்டை மாடித் தொட்டியில் இறங்கிப் பார்த்து, குழாய்களைத் தட்டிப் பார்த்து, “பைப்பு முக்கால் இஞ்சு, மீனு ஒண்ணரை அடி. பைப்புல ஒரு கோளாறும் இல்ல சார், இனிமே மீனத்தான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு போனார்.

எப்படி வருகிறது என்ற கேள்வி அத்தோடு முடிந்தது. வந்ததை என்ன செய்வது என்ற கேள்விதான் ஸ்ரீ வைபவத்தைப் பிடித்துக்கொண்டது. கொன்றால் பாவம், வைத்திருந்தால் நாற்றம், சமைத்தால் வீடு காலி. குப்பை வண்டிக்காரம்மா வாளியை எட்டிப் பார்த்து, “துள்ளிக்கிட்டு இருக்குதே, இத மக்குற குப்பைல போடவா மக்காத குப்பைல போடவா?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எதிர்க் கட்டடத்தில் எதையும் சமைக்கலாம், அதனாலோ என்னவோ அங்கே ஒரு குழாயிலும் ஒரு நெத்திலிகூட எட்டிப் பார்க்கவில்லை. அங்கிருந்தவர்கள் பாத்திரத்தோடு கேட்டுக்கு வந்து, உங்களுக்கு வேண்டாமென்றால் எங்களுக்குக் கொடுங்களேன் என்று நியாயமாகத்தான் கேட்டார்கள். “என் வீட்டுத் தண்ணில வந்தத நீங்க கொழம்பு வெச்சா பாவம் யாருக்கு வரும்?” என்று கோதண்டம் அதற்கும் ஒப்பவில்லை.

கடைசியில், மோட்டார் போடுகிற முறை எழுதி ஒட்டியிருந்த மீட்டர் பெட்டிக் கதவிலேயே, அதற்குக் கீழே கடலுக்குப் போகிற முறையும் ஒட்டப்பட்டது. அன்றன்றைக்கு முறைக்காரர் எல்லா வீட்டு மீனையும் நீல டிரம்மில் வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் கடற்கரைக்குப் போய் அலையில் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். இரண்டே வாரத்தில் ஆட்டோக்காரர் பள்ளிக்கூட வேன் மாதிரி கேட்டில் வந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தார், பெண்கள் காபி ஆற்றுகிற நேரத்தில் ஒரு கண்ணை வாளியில் வைக்கப் பழகினார்கள், தெருக்கோடியில் புதிதாகத் தொங்கிய வாடகைப் பலகை ‘தண்ணீர் வசதி உண்டு, மீன் வராது’ என்றது. மனுஷர் எதற்கும் பழகிக்கொள்வார்கள், அதிலும் வாடகைக்கு இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

பழகாதது ஒரு சொல். ஐப்பசி பிறந்தும் மீன் நிற்காமல் போகவே, ஒரு நாள் காலையில் டிரம்மை எட்டிப் பார்த்த கோதண்டம், “இது சும்மா வரல. ஆசை இருக்கற வீட்டத் தேடித்தான் வருது” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். மறுநாளிலிருந்து வாளிகளின் மேல் துணி விழுந்தது. நேற்றுவரை, இன்றைக்கு எங்கள் வீட்டில் எட்டு என்று படியில் நின்று பேசியவர்கள், ஒன்றே ஒன்று, அதுவும் பொடிசு என்று முணுமுணுத்தார்கள். தன் வீட்டில் வருவதே இல்லை என்றார் கோதண்டம். தினமும் அவர் கிளம்பிய பிறகு வத்சலா ஈரத்துண்டு போட்டு மூடிய வாளியோடு கீழே இறங்குவாள், உள்ளேயிருந்து வால் அடிக்கிற சத்தம் படிப்படியாகக் கேட்கும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அமுதவல்லி அந்த நாட்களில் நிறையப் பார்த்தாள். பிரபாவதி கையில் முள் கெளுத்தி ஒன்று வந்தபோது, தெரியாதவர்கள் பிடித்திருந்தால் பக்கத்து முள் கையைக் கிழித்திருக்கும்; அவள் விரலை முள்ளுக்குப் பின்னால் கொடுத்து லாகவமாகத் தூக்கி வாளியில் விட்டாள். நிமிர்ந்தபோது அமுதவல்லி எதிரே நின்றிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குள் போனார்கள். அப்புறம் கவனித்ததில் ஒன்பது வீட்டில் ஐந்து வீட்டுக் கைகளுக்கு மீன் புதிதில்லை என்று தெரிந்தது. தெரிந்ததால் அவளுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். பயம்தான் கூடியது, எல்லோரும் ஒளிகிற இடத்தில் முதலில் அகப்படுகிறவர் கதி என்ன என்று அவளுக்குத் தெரியும்.

அகப்பட்டது வியாழக்கிழமை. அமுதவல்லி வாளியோடு படியிறங்க, வதனி முன்னால் குதித்துக்கொண்டு போக, வாளி கைப்பிடிக் கம்பியில் இடித்து, சிவப்பாக, தளதளவென்று ஒரு மீன் படியில் விழுந்து துள்ளியது. கடலூரில் பெரியம்மா வீட்டுக்கு லீவுக்குப் போனபோதெல்லாம் அதைத் தின்று, அதன் பேரைச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழக்கியிருந்த பிள்ளை கைதட்டிக் கத்தினாள்.

“சங்கரா! அம்மா, சங்கரா! கொழம்பு!”

மூன்று மாடிக்கும் கேட்டது. எதிர்க் கட்டடத்துக்கும் கேட்டது. கீழே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த கோதண்டத்துக்கும் கேட்டது. அவர் அண்ணாந்து பார்ப்பதற்குள் அமுதவல்லி பிள்ளையையும் மீனையும் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதை ஒத்திவைத்துவிட்டு, பத்து மணிக்கு வண்டி நிறுத்துகிற இடத்தில் கோதண்டம் ஒன்பது குடித்தனத்தையும் கூட்டினார். நடுவில் எவர்சில்வர் வாளியில் ஒரு சங்கரா வட்டமடித்துக்கொண்டிருந்தது. “ஒரு சின்னப் பொண்ணு இதப் பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கொழம்பு கேட்டுச்சு. நம்ம பில்டிங்ல சின்னப் பொண்ணு ஒண்ணுதான் இருக்கு” என்று சொல்லி, வதனியைப் பார்த்துக் குனிந்தார். அவர் குரலில் கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். “பாப்பா, இங்க வா. இது என்ன மீனு, சொல்லு?”

தெரிந்த கேள்வி. வதனியின் முகம் மலர்ந்தது. டீச்சர் பழக்கியபடி ஒரு கையைத் தொண்டையில் வைத்து, மூச்சை இழுத்தாள். அந்த மூச்சை அமுதவல்லி பார்த்தாள். அதற்குப் பின்னால் இரண்டு பஸ்ஸையும், பதினாலு வீட்டையும், பஸ்ஸில் வாய் திறந்து தூங்கும் பிள்ளையையும் பார்த்தாள்.

“அவளுக்குப் பேச்சு வராது சார்” என்றாள். “வீடு பாக்க வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமே. பொறந்ததுலேர்ந்தே ஊமை.”

ஒரு முறை பஸ்ஸில் அந்த வார்த்தையைச் சொன்ன கண்டக்டரோடு சண்டைபோட்டு நடுவழியில் இறங்கியவள் அவள். இப்போது அது தன் வாயிலிருந்து எந்தத் தடையும் இல்லாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“ஸ்கூலுக்குப் போகுதே?”

“போறா சார். பேச்சு வரலயே.”

கோதண்டம் மற்றவர்களைப் பார்த்தார். பிறகு பிரபாவதி, “ஆமா சார். ரெண்டு வருஷமா எதிர்வீடு, ஒரு வார்த்த கேட்டதில்ல” என்றாள். “வாயில்லாப் புள்ள சார், பாவம்” என்றார் தணிகாசலம். முதல் மாடிக்காரர்கள் இருவரும் ஆமாம் என்றார்கள். அப்புறம் ஒவ்வொரு குடித்தனமாக, கேட்காமலே முன்வந்து, அந்தப் பிள்ளை பேசாது, அதற்குப் பேசவே வராது, நாங்கள் கேட்டதே இல்லை என்று சொன்னது. அன்பினால்தான் சொன்னார்கள். கடைசியாகப் படியில் நின்றிருந்த வத்சலா, புருஷன் முகத்தைப் பார்க்காமல், “அது பேசாதுங்க. பழம் குடுத்தா வாங்கிக்கும், அவ்வளவுதான்” என்றாள்.

யார் பேசினாலும் அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று வதனிக்குப் பழக்கியிருந்தது. அவள் ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒருவரையும் விடவில்லை. எல்லோரும் சொல்லி முடித்தபோது தொண்டையிலிருந்த கை கீழே இறங்கியிருந்தது.

“அப்ப எதிர் பில்டிங் புள்ளதான்” என்று கோதண்டம் கூட்டத்தை முடித்துக்கொண்டு கடைக்குப் போனார். பிரபாவதி வந்து அமுதவல்லியின் கையை இறுக்கிப் பிடித்தாள். வீடு நிலைத்தது. அமுதவல்லி அன்றைக்குச் சேமியாப் பாயசம் வைத்தாள். வேண்டுமா என்று கேட்டதற்கு வதனி தலையை மட்டும் ஆட்டினாள். கோபமாக இருக்கிறாள், நாளைக்குச் சரியாகிவிடும் என்று அமுதவல்லி நினைத்தாள்.

நாளைக்கும் தலையைத்தான் ஆட்டினாள். அதற்கடுத்த நாளும். வேண்டியதைக் கைகாட்டினாள், வேண்டாததைத் தள்ளினாள். ஊமை என்று தாங்களே சொன்ன பிள்ளையோடு படியில் நின்று பேசக் குடித்தனக்காரர்களுக்கும் கூச்சமாக இருந்தது. கோதண்டத்துக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் வேறு. பிரபாவதி கோலம் போடும்போது வாய் திறக்காமல் சிரித்தாள். தணிகாசலம் ஊர்ப் பேர் சொல்லாமல் கையை ஆட்டிவிட்டுப் போனார். வத்சலா பழத்தைக் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று ஏறிப் போனாள். பேச்சுச் சத்தத்துக்காகவே தேடிப் பிடித்த கட்டடத்தில், அந்தப் பிள்ளை போகிற இடமெல்லாம் பேச்சு நின்றது. அந்தத் தடவை வடக்கே லாரியோடு போய் வீட்டுக்கு வரவே முடியாமலிருந்த குணசீலன் போன் செய்தால், “அப்பான்னு சொல்லச் சொல்லு” என்பான். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “சிக்னல் இல்ல போல” என்பான். அமுதவல்லி ஆமாம் என்பாள். அவனிடமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கருவியைக் கழற்றிச் சோதித்தார், மாட்டிச் சோதித்தார், பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார். வதனி திரும்பினாள். “கேக்குதும்மா, நல்லாவே கேக்குது. பேசத்தான் மாட்டேங்கறா. வீட்ல எதாவது நடந்துச்சா?”

“ஒண்ணும் இல்ல டீச்சர்” என்றாள் அமுதவல்லி. சொல்லிவிட்டு, பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஐந்து நிமிஷத் தூரத்தை, எதற்காக ஊரெல்லாம் பொய் சொன்னாளோ அந்த ஐந்து நிமிஷத்தை, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே நடந்து வந்தாள். வதனி அண்ணாந்து பார்த்துத் தன் பாவாடை நுனியால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நடந்து நாற்பது நாளுக்குமேல் ஆகியிருந்தது, முற்பகலில் அமுதவல்லி அரிசி களையக் குழாயைத் திறந்தாள். சங்கரா வந்தது. அவள் வாளியை எடுக்கவில்லை, துணியையும் எடுக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பரண்மேல் ஏறி, இரண்டு வருஷமாக அட்டைப்பெட்டிக்குள் போர்வை சுற்றிக் கிடந்த மண்சட்டியை இறக்கினாள். வாசல் கதவை அகலத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க அரிசி டின்னை இழுத்து அண்டக்கொடுத்தாள். மீனைச் செதில் தேய்த்துத் துண்டு போட்டாள், புளி கரைத்தாள், சின்ன வெங்காயம் வதக்கினாள். செய்கிற ஒவ்வொன்றையும் வதனிக்குக் கேட்கிற மாதிரி, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி, பேர் சொல்லிச் சொல்லிச் செய்தாள். “இது சங்கரா. சங்கரா, பாத்தியா தங்கம்? இது புளி. இது மொளகாத்தூள். அம்மா மீன் கொழம்பு வெக்கறேன்.” விடாமல் சொன்னாள்.

குழம்பு கொதித்தது. வாசனை முதலில் எதிர்வீட்டுக்குப் போய்ப் பிரபாவதியை வெளியே கொண்டுவந்தது. பிறகு படியிறங்கிப் போய்த் தணிகாசலத்தைக் கொண்டுவந்தது, முதல் மாடிக்காரர்களைக் கொண்டுவந்தது. எல்லோரும் படியில் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை, உள்ளேயும் வரவில்லை. வாசனை, அன்று கடைக்குப் போகாமல் கோதண்டம் வீட்டிலிருந்த மேல்மாடிக்கு ஏறியது. மேலே கதவு திறந்தது. கோதண்டத்தின் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கியது.

உள்ளறையிலிருந்து வதனி ஓடிவந்தாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள், படியில் நின்ற முகங்களைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள்.

“அம்மா!” என்று கத்தினாள். “கதவ மூடு! அம்மா, கதவ மூடு!”

செருப்புச் சத்தம் நின்றது. பிரபாவதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாற்பது நாளாக அமுதவல்லி ஏங்கிக் கிடந்த குரல் அது; அப்பா என்றோ அம்மா என்றோ சங்கரா என்றோ அது திரும்பி வரும் என்று காத்திருந்தாள், இப்படி வரும் என்று நினைக்கவில்லை. அவளுக்கு வயிறு குளிர்ந்தது, அந்த வயிறே பற்றியும் எரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு, முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தரம் சொல்லு தங்கம்” என்றாள். “எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லு.”

வதனி இன்னொரு தரம் சொன்னாள், முன்னைவிடச் சத்தமாக.